“சொந்தக் காரணங்களுக்காக” என்று எழுதித் தரச் சொல்கிறார்கள்

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 42 வயதுச் சகோதரி ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

டவுனில் நூறு பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஜவுளிக்கடை ஒன்றில் ஒன்பது வருஷமாக இருக்கிறார். முதலில் பட்டுப் பிரிவில் விற்பனை, இப்போது பில் போடும் இடம். மாதச் சம்பளம் 16,500 ரூபாய். அதில் அடிப்படை 13,000. சேர்ந்த நாளிலிருந்து பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடிக்கிறார்கள், நான்கு வருஷமாக இ.எஸ்.ஐ.யும் (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள். வேலை உத்தரவு என்று எதுவும் கையில் கொடுக்கவில்லை. சேர்ந்த அன்று இரண்டு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்களாம். கணவர் குத்தகை நிலத்தில் சாகுபடி செய்கிறார். சொந்தமாக இருப்பது இரண்டு மா நிலம். மகள் கல்லூரியில், மகன் பத்தாம் வகுப்பில்.

ஆடித் தள்ளுபடி நேரத்தில் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. கடையில் கூட்டம் குறையட்டும் என்று ஒரு மாதம் தள்ளிப் போட்டுவிட்டு, அப்புறம் தஞ்சாவூரில் பயாப்சி எடுத்தார். மார்பகப் புற்றுநோய். முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன், தேவைப்பட்டால் கரன்ட் வைப்பது (கதிர்வீச்சுச் சிகிச்சை) என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதுவரை ஆன செலவுக்குச் சங்கிலியை அடகு வைத்தாயிற்று.

சூப்பர்வைசரிடம் மட்டும் சொன்ன விஷயம் சாயங்காலத்துக்குள் மூன்று மாடிக்கும் தெரிந்துவிட்டது. “மறுநாள் தண்ணீர் குடிக்கப் போனால் என் டம்ளரை மட்டும் ஜன்னல் திட்டில் தனியாக வைத்திருந்தார்கள். அடியில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை” என்று எழுதியிருக்கிறார். அந்த வாரமே மேனேஜர் கூப்பிட்டு, “உடம்புதாம்மா முக்கியம். எழுதிக் கொடுத்துட்டு நிம்மதியா வைத்தியம் பாருங்க. ஐயா 50,000 தரச் சொல்லியிருக்காங்க. சரியானதும் வாங்க, பார்த்துக்கலாம்” என்று டைப் செய்த ஒரு தாளை நீட்டியிருக்கிறார். ‘சொந்தக் காரணங்களுக்காக என் சுயவிருப்பத்தின் பேரில்’ விலகுவதாக அதில் இருக்கிறது. திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொண்டுவர வேண்டுமாம்.

அவருடைய கேள்விகள்: கையெழுத்துப் போடுவதா? போடாவிட்டால் பி.எஃப். பணத்தை நிறுத்திவிடுவார்களா? புற்றுநோய் வந்தவரை வேலையிலிருந்து நீக்கவே முடியாது என்று ஒரு சட்டம் இருப்பதாக மைத்துனர் சொல்கிறாரே, உண்மையா? இரண்டு மா நிலத்தை ஒத்திக்கு வைக்கலாமா? கடையில் இதைச் சொன்னதே தப்பா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் கேள்விக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். திங்கட்கிழமையும் வேண்டாம், அதற்கு அடுத்த திங்கட்கிழமையும் வேண்டாம். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதைத்தான் இனி விளக்கப் போகிறேன்.

டெல்டா மாவட்டங்களில் பல வருஷமாகத் தொழிலாளர் வழக்குகளைப் பார்த்துவருகிறேன். நோய் வந்தவர்களை மொட்டையாக ‘போ’ என்று சொல்லும் முதலாளிகள் குறைவு. எழுதி வாங்கிக்கொள்பவர்கள்தான் அதிகம். அரிசி ஆலையில் பதினான்கு வருஷம் வேலை பார்த்த ஒருவர் என்னிடம் வந்தார். வாயில் புற்றுநோய் வந்து, முழுச் சிகிச்சையும் எடுத்து, குணமாகித் திரும்பியவர். மஞ்சப்பையில் மொத்தக் காகிதத்தையும் கொண்டுவந்து என் மேஜையில் பரப்பினார். டாக்டர் கொடுத்த தகுதிச் சான்று, ஸ்கேன், ரசீது எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவற்றுக்கு நடுவே அவரே கையெழுத்துப் போட்ட ராஜினாமாவின் நகலும் இருந்தது. ‘நாங்க நீக்கலையே, அவராத்தான் போனார்’ என்று ஆலைக்காரர்கள் சொன்னதற்கு அந்த ஒரு தாளே போதுமான சாட்சி ஆகிவிட்டது. சிகிச்சைக் காலம் முழுவதும் அவருக்கு வந்திருக்க வேண்டிய இ.எஸ்.ஐ. பணமும் வரவில்லை. அப்படி ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியாது.

உங்களுக்கும் முழுதாகத் தெரியவில்லை என்பது கடிதத்தில் தெரிகிறது. “இ.எஸ்.ஐ. எல்லாம் காய்ச்சல், தலைவலி மாத்திரைக்குத்தானே சார்” என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இ.எஸ்.ஐ. உங்களுக்கு என்ன தரும்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். ஆக, இது நீங்களும் பணம் கட்டி வாங்கியிருக்கும் காப்பீடு. யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பது அல்ல.

இதில் உங்களுக்கு இரண்டு பங்கு இருக்கிறது. ஒன்று சிகிச்சை. உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய் பயாப்சி ரிப்போர்ட்டைக் காட்டினால், அவர்களிடம் இல்லாத சிகிச்சைக்கு வசதி உள்ள மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார்கள். கீமோ, ஆபரேஷன், கரன்ட் எல்லாம் இந்த வழியில் வரும். இங்கே ஒரு எச்சரிக்கை. பரிந்துரை வாங்காமல் நீங்களாக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்துவிட்டு, பிறகு பில்லைக் கொண்டுபோய் நீட்டினால் பணம் திரும்ப வருவது கஷ்டம். அதனால் அடுத்த செலவு செய்வதற்கு முன் மருந்தகத்துக்குப் போங்கள். பரிந்துரைக்கு நாலு நாள் அலைய வேண்டியிருந்தாலும் சிகிச்சையை நிறுத்தி வைக்காதீர்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே காட்டிக்கொண்டே இந்த வேலையையும் பார்க்கலாம். ஏற்கனவே கடைக்காக ஒரு மாதம் விட்டுவிட்டீர்கள். இனி எந்தக் காகிதத்துக்காகவும் ஒரு நாள்கூட விடக்கூடாது.

இரண்டாவது பங்கு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கான பணம். சாதாரண நோய்க்கு வருஷத்தில் 91 நாள் வரை, சராசரிக் கூலியில் 70 சதவீதம். இதற்கு உரிய ஆறு மாதக் கணக்கில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால் போதும். ஆனால் புற்றுநோய் அந்தக் கணக்கோடு நிற்கவில்லை. நீண்டகால நோய்கள் என்று 34 நோய்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள், அதில் புற்றுநோய் இருக்கிறது. அந்த 91 நாள் தீர்ந்த பிறகும் நீட்டித்த நோய்க்கால உதவியாக 80 சதவீதம் கிடைக்கும். மருத்துவச் சான்று தொடர்ந்தால் இது இரண்டு வருஷம் வரை போகலாம். அதற்கு இரண்டு வருஷம் தொடர்ந்து இ.எஸ்.ஐ. உள்ள வேலையில் இருந்திருக்க வேண்டும், அந்த நான்கு அரையாண்டுகளில் 156 நாள் சந்தா இருக்க வேண்டும். உங்களுக்கு நான்கு வருஷம் ஆகிறது. கடை ஒழுங்காகக் கட்டியிருந்தால் நீங்கள் தகுதியானவர்.

கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். உங்கள் இ.எஸ்.ஐ. எண்ணைப் போட்டு இ.எஸ்.ஐ.சி. இணையதளத்திலோ உமங் செயலியிலோ மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். மாதாமாதம் எத்தனை நாளுக்கு எவ்வளவு கட்டினார்கள் என்று தெரியும். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தால் அந்தக் குற்றம் கடையுடையது. சம்பளச் சீட்டோடு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். அவர்கள் நீட்டும் 50,000 பெரிய தொகையாகத் தெரிகிறது, சங்கிலியை அடகு வைத்திருக்கும் நேரத்தில் யாருக்கும் அப்படித்தான் தெரியும். உங்கள் 16,500 சம்பளத்துக்கு 70 சதவீதம் என்றால் மாதம் சுமார் 11,550. மூன்று மாதத்துக்கு 34,650. அதற்குப் பிறகு 80 சதவீதம், அதாவது மாதம் சுமார் 13,200. ஒன்பது மாதத்துக்கு 1,18,800. ஆக, சிகிச்சையும் ஓய்வுமாக ஒரு வருஷம் போனால் ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. சிகிச்சைச் செலவு இதில் சேரவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்தால் இதன் அடித்தளமே ஆட்டம் கண்டுவிடும். அதனால்தான் இரண்டு மா நிலத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு, இப்போது கை வைக்காதீர்கள் என்கிறேன். குத்தகைச் சாகுபடியில் ஒரு குறுவை தண்ணீர் இல்லாமல் போனாலே வீடு என்ன ஆகும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த இரண்டு மா அப்படியே இருக்கட்டும்.

முதல்வரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உங்கள் சம்பளம் மட்டுமே வருஷத்துக்கு 1,98,000. குறைத்துக் காட்டிச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். உங்களுக்கு நேர்வழி இருக்கும்போது குறுக்கு வழி எதற்கு?

மைத்துனர் சொன்ன சட்டம்

நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் அப்படி ஒரு தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. ‘புற்றுநோய் வந்தவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது’ என்று ஒரே வரியில் தனியார் நிறுவனங்களுக்குச் சொல்லும் சட்டத்தை நான் எவ்வளவு தேடினாலும் காட்ட முடியாது. மாற்றுத்திறனாளி சான்று வாங்கினால் நீக்க முடியாது என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னதும் அப்படித்தான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, புற்றுநோய் அவற்றில் ஒன்று அல்ல. நோயாலோ ஆபரேஷனாலோ கை கால் இயக்கத்தில் நிரந்தரக் குறை ஏற்பட்டால் அந்தக் குறைக்காகச் சான்று கேட்கலாம், அது பிற்பாடு பார்க்க வேண்டியது. பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்டால் வேலையிலிருந்து எடுக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்வதும் அரசு நிறுவனங்களுக்குத்தான்.

அதற்காகக் கையில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பாதுகாப்பு துண்டு துண்டாக இருக்கிறது. சேர்த்துப் பிடித்தால் வலுவாகத்தான் இருக்கிறது.

1947ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். அதன் 41ஆம் பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தராமலும் நீக்கக் கூடாது. ‘ஆர்டரே இல்லை, நீ பெர்மனென்ட் கிடையாது’ என்று மேனேஜர் சொன்னாராமே, இந்தப் பிரிவு பெர்மனென்டா என்று கேட்பதில்லை. ஒன்பது வருஷ பி.எஃப். பாஸ்புக்கும் வங்கியில் ஏறிய சம்பளமும் உங்கள் வேலைக்கு ஆர்டரைவிட நல்ல சாட்சி.

அதே சட்டத்தின் 25ஆம் பிரிவில் சம்பளத்தோடு கூடிய விடுமுறை வருகிறது. வருஷத்துக்கு 12 நாள் விடுமுறை, நோய்க்கு 12 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள். “எங்கள் கடையில் லீவே கிடையாது, வராத நாளுக்குச் சம்பளம் பிடிப்பார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். கடையின் வழக்கம் அது. சட்டம் அப்படி இல்லை.

இ.எஸ்.ஐ. சட்டம் தன் பங்குக்கு, நோய்க்கால உதவி பெறும் காலத்தில் தொழிலாளியை நீக்கவோ குறைக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 73ஆம் பிரிவில் எழுதி வைத்தது. 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளுக்குள் போய்விட்டன. அதனால் மனு எழுதும் நிலை வந்தால் எந்தப் பிரிவைப் போடுவது என்பதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். நீங்கள் எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். சான்றிதழ் இடைவெளி இல்லாமல் தொடர்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

அந்த வெள்ளைத் தாள்கள்

கடிதத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன இந்த விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. நீங்கள் கையெழுத்துப் போட மறுத்தாலும், ஒன்பது வருஷத்துக்கு முன் போட்ட கையெழுத்துக்கு மேலே ராஜினாமாவை எழுதிக்கொள்ள முடியும். அதை முந்திக்கொள்ள ஒரு வழி உண்டு. திங்கட்கிழமைக்கு முன்பே உங்கள் கடிதம் கடைக்குப் போய்ச் சேர வேண்டும். பெரிய மொழிநடை வேண்டாம், இவ்வளவு போதும்:

“நான் தங்கள் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். உடல்நலக் காரணத்தால் இணைத்துள்ள மருத்துவச் சான்றின்படி இன்று முதல் சிகிச்சை விடுப்பில் இருக்கிறேன். நான் பணியிலிருந்து விலகவில்லை. விலகும் எண்ணமும் இல்லை. விலகுவதாக எந்தக் கடிதமும் நான் தரவில்லை. சிகிச்சை முடிந்து மருத்துவர் தகுதிச் சான்று தந்ததும் பணிக்குத் திரும்புவேன்.”

தேதி, ஊர், கையெழுத்து, இ.எஸ்.ஐ. எண். ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அதையே படம் எடுத்து மேனேஜரின் வாட்ஸ்அப்புக்கும் அனுப்பிவிடுங்கள். இந்தத் தேதிக்குப் பிறகு ஒரு ராஜினாமா முளைத்தால் அதற்குப் பதில் உங்கள் கையில் ஏற்கனவே இருக்கும். ‘சொல்லாமல் நின்றுவிட்டார்’ என்று இன்னொரு கதை கட்டவும் முடியாது. ஒவ்வொரு முறை சான்றிதழ் புதுப்பிக்கும்போதும் இதேபோல் அனுப்புங்கள், ரசீதுகளைத் தனிக் கவரில் போட்டு வையுங்கள்.

டைப் செய்த அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அது உங்களிடமே இருக்கட்டும். ராஜினாமாவைத் தயாரித்தது யார் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

முதலாளியிடம் பேசுவது

“ஐயா நல்ல மனுஷர், மகள் காதுகுத்துக்குத் தானே வந்து மொய் வைத்தவர்” என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். நான் அவரைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. ‘சரியானதும் வாங்க’ என்று அவர் மனதாரவே சொல்லியிருந்தாலும், திரும்பி வரும்போது நீங்கள் புது ஆள். ஒன்பது வருஷப் பணித்தொடர்ச்சி போயிருக்கும். அன்றைக்குக் கல்லாவில் அவர் மகன் உட்கார்ந்திருந்தால் அந்த வாக்கும் போயிருக்கும்.

என் அனுபவத்தில், பாதி முதலாளிகள் பயப்படுவது ஒரே விஷயத்துக்குத்தான். வேலைக்கு வராத ஆளுக்கு மாதாமாதம் சம்பளம் போட வேண்டியிருக்குமோ என்ற பயம். அதை முதலில் போக்குங்கள். கணவரோடு போய், மேனேஜரிடம் நிற்காமல் ஐயாவிடமே நேரில் சொல்லுங்கள்: “விடுப்புக்கு மேலே நான் வராத நாளுக்குக் கடை சம்பளம் தர வேண்டாங்க ஐயா. இ.எஸ்.ஐ.யிலிருந்து எனக்கு வரும். சம்பளம் இல்லாத நாளுக்குக் கடை சந்தாவும் கட்ட வேண்டியதில்லை. என் பேரை மட்டும் ரிஜிஸ்டரில் இருந்து எடுக்காமல் இருங்க.” உங்களை வைத்துக்கொள்வதில் அவருக்குக் கைநஷ்டம் இல்லை என்று புரிந்த பிறகு பல இடங்களில் விஷயம் அங்கேயே முடிந்துவிடுகிறது. முடியாவிட்டாலும் நீங்கள் கேட்ட முறை சரியாக இருந்தது என்பது பின்னால் உதவும். பேசப் போவதற்கு முன்பே கடிதம் போயிருக்க வேண்டும், அந்த வரிசை மாறக் கூடாது.

திரும்பி வேலைக்குப் போகும் காலத்துக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அக்குளில் நெறிகட்டிகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கை வீங்க வாய்ப்பு உண்டு. புடவைக் கட்டு தூக்குவது, உயர அலமாரியிலிருந்து இறக்குவது எல்லாம் எப்போது முதல், எவ்வளவு செய்யலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். எளிய வேலைதான் தர வேண்டும் என்று தனியார் கடையைக் கட்டாயப்படுத்தச் சட்டம் இல்லை, கேட்டு வாங்க வேண்டியதுதான். ஆனால் நாற்காலி கேட்டு வாங்க வேண்டியது அல்ல. 2021இல் நம் சட்டமன்றம் கடைகள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சேர்த்தது. ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்று கால் வீங்கிய பெண்களை நினைத்துக் கொண்டுவந்த திருத்தம் அது. பில் போடும் இடத்தில் இப்போதும் நின்றுகொண்டுதான் வேலை என்று நீங்கள் எழுதியதைப் படித்து எனக்கு வருத்தமாக இருந்தது.

நீக்கியே விட்டால்

எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னால், ‘இன்ன தேதியில் இனி வர வேண்டாம் என்று சொன்னீர்கள்’ என்று நீங்களே ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள். அதற்குப் பிறகு கவனிக்க வேண்டியது நாட்கணக்கு. 41ஆம் பிரிவின் கீழ் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். கீமோவுக்கு நடுவே 30 நாள் எப்படிப் போனது என்றே தெரியாது. அதனால் இந்தப் பொறுப்பைக் கணவரோ மகளோ எடுத்துக்கொள்ளட்டும்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப்பணிகள் குழு எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள், 15100க்கும் போன் செய்யலாம். வழக்கு என்று போனால் மாதங்கள் ஓடும், வருஷமும் ஆகலாம். அதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல எனக்கு மனமில்லை. வழக்கு வராமல் இருக்கத்தான் முதல் கடிதத்தை இப்போதே அனுப்பச் சொல்கிறேன்.

பி.எஃப்., கிராஜுவிட்டி

கடை நினைத்தால் பி.எஃப்.ஐ நிறுத்த முடியாது, அது உங்கள் கணக்கில் இருக்கும் உங்கள் பணம். அதை எடுக்க வேலையை விட வேண்டும் என்பதும் தவறு. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு என்று வேலையில் இருந்துகொண்டே முன்பணம் எடுக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் ‘மொத்தமாக முடித்து எடுத்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பத்து வருஷம் நிறைந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு, நீங்கள் ஒன்பதில் நிற்கிறீர்கள்.

கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை ஐந்து வருஷத்திலேயே உங்களுக்கு உரிமையாகிவிட்டது. 13,000ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 7,500. ஒன்பது வருஷத்துக்கு 67,500. என்றைக்கு வேலையை விட்டாலும் அவர்கள் தந்தே ஆக வேண்டிய பணம் இது. தாளில் கையெழுத்துப் போட்டால் தருவதாகச் சொல்லும் 50,000 இந்தத் தொகையைவிடக் குறைவு என்பதைக் கவனியுங்கள். அந்தத் தாளின் கடைசி வரியில் ‘எனக்குச் சேர வேண்டிய எல்லாத் தொகையையும் பெற்றுக்கொண்டேன்’ என்று இருப்பதை நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ, எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். நோய்க்காக வராத காலம் பணித்தொடர்ச்சியை முறிக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. சொல்லத் தயங்கினேன், ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் என் வேலையைச் சரியாகச் செய்தவன் ஆக மாட்டேன். பி.எஃப். உள்ளவர் பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. விலகியவருக்கு அது இல்லை. நீங்கள் குணமாகி வருவீர்கள் என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனாலும் பி.எஃப். கணக்கில் நியமனதாரர் பெயர் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். பலருக்கு அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

சிகிச்சைக்குச் சென்னை போக வேண்டி வந்தால் ரயிலில் புற்றுநோயாளிகளுக்குச் சலுகை இருக்கிறது. படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் உங்களுக்குக் கட்டணமே இல்லை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் குறைவு. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டால் கும்பகோணம் ஸ்டேஷன் கவுன்டரிலேயே டிக்கெட் எடுக்கலாம். உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். பஸ்ஸில் உட்கார்ந்தபடி போவதைவிட உடம்புக்கு அது நல்லது.

கடைசியாக, கடையில் சொன்னது தப்பா என்ற கேள்வி. தப்பு இல்லை. நோயின் பெயரை முதலாளியிடம் சொல்லியே தீர வேண்டும் என்று சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை, சொல்லாமல் சான்றிதழ் மட்டும் கொடுத்திருக்கலாம். ஆனால் ஒன்பது வருஷம் கூட நின்றவர்களை நம்பிச் சொன்னீர்கள். அதில் வெட்கப்பட உங்களுக்கு ஒன்றும் இல்லை. புற்றுநோய் தொட்டால் ஒட்டாது, ஒரே டம்ளரில் குடித்தாலும் ஒட்டாது. ஐயாவிடம் பேசப் போகும்போது இதையும் சொல்லுங்கள். அந்த டம்ளரை ஜன்னல் திட்டிலிருந்து எடுத்து மற்ற டம்ளர்களோடு வைக்கச் சொல்லி அவரிடமே கேளுங்கள்.

சனிக்கிழமை தபால் நிலையம், திங்கட்கிழமை காலை கடைக்குப் பதில் இ.எஸ்.ஐ. மருந்தகம். கையில் இ.எஸ்.ஐ. அட்டை, ஆதார், வங்கிப் பாஸ்புக் நகல், பயாப்சி ரிப்போர்ட், டாக்டர் சீட்டு. மகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவர்கள் சொல்வதை அவள் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளட்டும்.